கீழ்ப்பாக்கம் முதல் இருங்காட்டுக்கோட்டை வரை: ஒரு கிராஸ்ஃபேட்டின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம். ஒலி உதாரணங்கள் வரும் இடங்கள் அடைப்புக்குறிக்குள் இருக்கின்றன.)

இன்னிக்கு நேரா சத்தத்துக்கே போயிடலாம். ஹெட்ஃபோன் பக்கத்துல இருந்தா மாட்டிக்கோங்க.

[ஒலி: தம்பூரா. சட்டென்று வெட்டி மழைச் சத்தம். வெட்டிய இடத்தில் ஒரு ‘டிக்’.]

கேட்டீங்களா, நடுவுல ஒரு ‘டிக்’? இப்போ அதே தம்பூரா, அதே மழை, இன்னொரு தடவை.

[ஒலி: தம்பூரா மெல்லக் கரைய, மழை மெல்ல எழுகிறது.]

ரெண்டாவது தடவை எங்கே தம்பூரா முடிஞ்சது, எங்கே மழை ஆரம்பிச்சதுன்னு யாராலும் சுட்டிக்காட்ட முடியாது. இதுக்குப் பேர் கிராஸ்ஃபேட். ஒரு ஒலியை இறக்கிக்கொண்டே இன்னொன்றை ஏற்றுவது. இந்த எபிசோடை எடிட் பண்ணும்போதும் பல இடங்களில் இதைப் பயன்படுத்தியிருக்கோம். நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க. கவனிக்காம இருந்தால்தான் அது நல்ல கிராஸ்ஃபேட்.

ஆனா இப்போ ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தயாராகும் எலெக்ட்ரிக் கார்களில் இதே வித்தை வேறொரு வேலைக்கு வந்திருக்கு. அங்கே ஒலியைக் கவனிக்காமல் விட்டால் ஒரு ஆள் அடிபடலாம். இந்த ரெண்டுக்கும் நடுவிலான தூரம்தான் இன்றைய கதை.

அந்த ‘டிக்’ எங்கிருந்து வருது?

ஸ்பீக்கருக்குள் இருக்கும் கூம்பு முன்னும் பின்னும் அசைவதுதான் நமக்குச் சத்தமாகக் கேட்கிறது. டிஜிட்டல் ஒலி என்பது அந்தக் கூம்பு எந்தக் கணத்தில் எங்கே இருக்கணும் என்று சொல்லும் எண்களின் வரிசை. சிடி தரத்தில் நொடிக்கு 44,100 எண்கள். வீடியோ வேலைகளில் வழக்கமாக 48,000. ஒவ்வொரு எண்ணும் ஒரு சாம்பிள்.

தம்பூராவின் கடைசி சாம்பிள் 0.6, மழையின் முதல் சாம்பிள் −0.3 என்று வைத்துக்கொள்ளுங்கள். ரெண்டையும் அப்படியே ஒட்டினால், ஒரு நொடியில் 48,000-ல் ஒரு பங்கு நேரத்துக்குள் கூம்பு மேலேயிருந்து கீழே தாவணும். அந்தத் தாவல்தான் ‘டிக்’. அது தம்பூராவிலும் இல்லை, மழையிலும் இல்லை. ஒட்டு போட்ட இடத்திலேயே பிறந்த சத்தம்.

இந்தத் தாவலைச் சரிவாக மாற்றினால் போதும். பத்து மில்லிசெகண்ட், அதாவது 480 சாம்பிள்கள் நீளத்துக்கு ரெண்டையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டுக் கலந்தாலே ‘டிக்’ காணாமல் போகும். கம்ப்யூட்டருக்கு இது ஒரு சின்ன லூப். கம்ப்யூட்டர் இல்லாத காலத்திலும் இதே பிரச்சினை இருந்தது. அப்போ என்ன பண்ணினாங்க?

பூந்தமல்லி ஹை ரோட்டில் ஒரு ஸ்டூடியோ

தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31-ஆம் தேதி வெளியானது. அது பம்பாயில் எடுக்கப்பட்டது. ஆரம்பத்தில் தமிழ்ப் படம் பேச வேண்டுமென்றால் பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ ரயிலேறணும். ஏ. நாராயணன் 1934-இல் கீழ்ப்பாக்கத்தில், பூந்தமல்லி நெடுஞ்சாலையில், ஸ்ரீனிவாசா சினிடோன் ஸ்டூடியோவைத் தொடங்கியதும் நிலைமை மாறியது. அந்த வருஷமே அங்கிருந்து ‘சீனிவாச கல்யாணம்’ வந்தது. அது சென்னையிலேயே தயாரான முதல் தமிழ்ப் பேசும் படம். அதன் ஒலிப்பதிவைக் கவனித்தவர் நாராயணனின் மனைவி மீனாட்சி நாராயணன். இந்தியாவின் முதல் பெண் ஒலிப்பதிவாளர் என்று சினிமா வரலாறு எழுதுபவர்கள் அவரைக் குறிப்பிடுகிறார்கள். சவுண்ட் என்ஜினியரிங் படிக்கிற பொண்ணுங்க யாராவது இதைக் கேட்டுக்கிட்டு இருந்தா, இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க.

அந்தக் காலத்தில் ஒலி ஃபிலிமின் ஓரத்தில் ஒளியாகப் பதிவானது. ப்ரொஜெக்டருக்குள் ஒரு சின்ன விளக்கு அந்த ஓரத்தின் வழியாக ஒளியைப் பாய்ச்சும். அந்தப் பக்கம் ஒரு ஃபோட்டோசெல், வருகிற ஒளி கூடுவதையும் குறைவதையும் மின்சாரமாக்கும். அது ஸ்பீக்கருக்குப் போகும். இப்போ ரெண்டு ஃபிலிம் துண்டுகளை ஒட்டினால், ஒட்டிய கோடு விளக்கைக் கடக்கும் கணத்தில் ஒளி சட்டென்று மாறும். தியேட்டரில் ‘டப்’ என்று கேட்கும். நம்ம 0.6-லிருந்து −0.3-க்கான தாவல், ஒளி வடிவத்தில்.

அதற்கு எடிட்டர்கள் கண்டுபிடித்த வைத்தியத்துக்கு ‘ப்ளூப்’ என்று பேர். ஒட்டின் மேல் கறுப்பு மையால் முக்கோண வடிவில் பூசிவிடுவார்கள். ஃபிலிம் ஓடும்போது முக்கோணத்தின் கூர்முனையிலிருந்து ஒளி கொஞ்சம் கொஞ்சமாக மறைந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வரும். 35 மில்லிமீட்டர் ஃபிலிம் நொடிக்கு 24 ஃப்ரேம், சுமார் 45 சென்டிமீட்டர் ஓடும். அப்படியென்றால் விரல் அகல முக்கோணம் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம். ஒரு தூரிகை, ஒரு துளி மை, ஒரு ஃபேட் அவுட், ஒரு ஃபேட் இன்!

டேப் வந்தபோது வைத்தியம் இன்னும் எளிதானது. காந்த டேப்பை நேராக வெட்டாமல் 45 டிகிரி சாய்வாக பிளேடால் வெட்டி ஒட்டினார்கள். சாய்வாக வெட்டினால், ஹெட்டைக் கடக்கும்போது பழைய ஒலி டேப்பின் அகலத்தில் குறைந்துகொண்டே போகும், புது ஒலி ஏறிக்கொண்டே வரும். கால் அங்குல டேப், நொடிக்கு 15 அங்குல வேகம் என்று கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு, சுமார் 17 மில்லிசெகண்ட். இன்னிக்கு எடிட்டிங் சாஃப்ட்வேரில் நாம் போடும் சின்ன கிராஸ்ஃபேடும் ஏறக்குறைய இதே அளவில்தான் இருக்கு. பிளேடின் கோணம் போய், கோடில் ஒரு எண் வந்திருக்கு. அவ்வளவுதான்.

இடையில் ஊர்ப்பக்க மைக் செட்காரர்களையும் சேர்த்துக்கணும். ரெண்டு பிளேயர், ரெண்டு வால்யூம் திருகு. ஒரு கையால் ஒரு பாட்டை இறக்கி, மறு கையால் அடுத்த பாட்டை ஏற்றுவார்கள். கல்யாண வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்குப் பாட்டு மாறியதே தெரியாது.

இவங்க எல்லாருக்கும் இருந்த நோக்கம் ஒண்ணுதான். ஒட்டு போட்ட இடம் கேட்பவருக்குத் தெரியக் கூடாது.

நடுவில் விழும் பள்ளம்

இப்போ கோடுக்கு வருவோம். பயப்படாதீங்க, ஒரே வரிதான்.

வெளியே போவது = முதல் ஒலி × (1 − ந) + இரண்டாம் ஒலி × ந

இதில் ‘ந’ என்பது நகர்வு. பூஜ்யத்தில் தொடங்கி ஒன்றில் முடியும். தொடக்கத்தில் முதல் ஒலி முழுசாக, முடிவில் இரண்டாம் ஒலி முழுசாக. நட்ட நடுவில் ரெண்டும் பாதிப் பாதி. கேட்க நியாயமாகத்தான் இருக்கு. ஆனா இதைத் தம்பூரா–மழைக்குப் போட்டால் நடுவில் ஒரு தொய்வு கேட்கும். யாரோ வால்யூமைக் கொஞ்சம் இறக்கி ஏற்றின மாதிரி.

காரணம் இதுதான். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ரெண்டு ஒலிகள் சேரும்போது அவற்றின் அலைகள் ஒரே நேரத்தில் ஏறி இறங்குவதில்லை. அதனால் அலையின் உயரத்தைக் கூட்டக் கூடாது, சக்தியைத்தான் கூட்டணும். சக்தி என்பது உயரத்தின் வர்க்கம். பாதியின் வர்க்கம் கால். கால் கூட்டல் கால், அரை. அதாவது நட்ட நடுவில் சக்தி பாதியாகிவிடுகிறது. டெசிபெல் கணக்கில் 3 குறைவு.

தீர்வு, நேர்கோட்டுக்குப் பதிலாக சைன், கொசைன் வளைவுகளைப் பயன்படுத்துவது. நடுவில் ரெண்டும் 0.5 இல்லாமல் 0.707 இருக்கும். அதன் வர்க்கம் அரை. அரையும் அரையும் ஒன்று. பள்ளம் நிரம்பிவிட்டது. இதை ஈக்வல் பவர் கிராஸ்ஃபேட் என்பார்கள். பிளஸ் டூ கணக்கில் சைன் ஸ்கொயர் ப்ளஸ் காஸ் ஸ்கொயர் ஈக்வல்ஸ் ஒன் எதுக்குப் படிச்சோம்னு கேட்டவங்களுக்கு, இதோ ஒரு பதில்.

ஆனால் ஒரே மாதிரியான ரெண்டு ஒலிகளுக்கு இதே வளைவைப் போட்டால் நடுவில் 3 டெசிபெல் கூடிவிடும். அங்கே நேர்கோடுதான் சரி. ஆக, எந்த வளைவு என்பது நம்ம இஷ்டம் இல்லை. கலக்கப்போகிற ரெண்டு ஒலிகளையும் தெரிந்த பிறகுதான் முடிவு செய்ய முடியும். இந்தப் பாயின்ட்டை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. கடைசியில் தேவைப்படும்.

புல்லட் சத்தத்தை எப்படி எழுதுவது?

கீழ்ப்பாக்கத்து அந்தப் பூந்தமல்லி ஹை ரோட்டுக்கு இன்னிக்குப் பேர் ஈ.வெ.ரா. பெரியார் சாலை. அதிலேயே மேற்கே போனால் கோயம்பேடு, மதுரவாயல், பூந்தமல்லி, அப்புறம் பெங்களூர் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர். அங்கிருந்து தெற்கே திரும்பினால் வல்லம், ஒரகடம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் சான்ட்ரோவுடன் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010-இல் வந்தது. 1955-இலிருந்து புல்லட் தயாரித்துவந்த ராயல் என்ஃபீல்ட், திருவொற்றியூரைத் தாண்டி 2013-இல் ஒரகடத்துக்கும், 2017-இல் வல்லம் வடகாலுக்கும் விரிந்தது.

புல்லட்டின் ‘டுப் டுப்’ ஏன் அப்படிக் கேட்கிறது? அது ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் என்ஜின். ரெண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு. 1,000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 500 வெடிப்பு, நொடிக்கு எட்டு சொச்சம். நம்ம காது நொடிக்கு இருபதுக்குக் கீழே வரும் துடிப்புகளைத் தனித்தனி அடியாகத்தான் கேட்கும். அதனால் மிருதங்கம் மாதிரி எண்ண முடிகிறது. நான்கு சிலிண்டர் கார் அதே 1,000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 33 தடவை வெடிக்கும். அங்கே அடிகள் ஒன்றாகி ஒரு ரீங்காரமாகிவிடும்.

கார் ரேஸ் கேம் எழுதுபவர்கள் இந்தச் சத்தத்தை எப்படிக் கொண்டுவருகிறார்கள்? 1,000 ஆர்பிஎம்மில் ஒரு துண்டைப் பதிவு பண்ணி, வேகம் கூடும்போது வேகமாக ஓட்டினால் போதாதா? போதாது. ரெண்டு மடங்கு வேகத்தில் ஓட்டினால் என்ஜின் கொசு மாதிரி கத்தும். அதனால் 1,000, 2,000, 3,000 என்று பல வேகங்களில் தனித்தனியாகப் பதிவு செய்து, ஒவ்வொன்றையும் முடிவில்லாமல் சுற்றும் லூப் ஆக்குவார்கள். ஆட்டக்காரர் ஆக்ஸிலரேட்டர் அழுத்தினால், 1,000-க்கான லூப் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி 2,000-க்கான லூப் ஏறும். ரெண்டின் பிட்ச்சையும் ஒரே இடத்துக்கு இழுத்துக்கொண்டே போகணும். இல்லாவிட்டால் ரெண்டு வண்டி பக்கத்தில் பக்கத்தில் போகிற மாதிரி கேட்கும். அலைகளின் ஏற்ற இறக்கமும் பொருந்தணும். இல்லாவிட்டால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

இங்கே கிராஸ்ஃபேட் ஒரு தடவை நடந்து முடிகிற விஷயம் இல்லை. வண்டி ஓடுகிற வரைக்கும் ‘ந’ மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். இந்த கேம் வித்தைதான் நிஜ ரோட்டுக்கு வந்துவிட்டது.

சத்தமே இல்லாத கார்

டொயோட்டா 1997 டிசம்பரில் ப்ரியஸ் ஹைப்ரிட்டை ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மெதுவாகப் போகும்போது அது மோட்டாரில் மட்டும் ஓடும், என்ஜின் சத்தம் இருக்காது. ஓட்டுபவருக்குச் சுகம். வெள்ளைக் கோலோடு ரோட்டைக் கடப்பவருக்கு அப்படி இல்லை. பார்வையற்றவர்கள் வண்டி வருவதையும், எந்தப் பக்கம் திரும்புகிறது, வேகம் எடுக்கிறதா நிற்கிறதா என்பதையும் காதால்தான் கணிக்கிறார்கள். அமெரிக்காவின் பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பு இதைப் பிடித்துக்கொண்டு பல வருஷம் போராடியது. அமெரிக்க சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், மெதுவாகும்போது, நிற்கும்போது, ரிவர்ஸ் எடுக்கும்போது நடக்கும் விபத்துகளில் ஹைப்ரிட் கார் ஒரு பாதசாரியை மோதும் வாய்ப்பு சாதாரணக் காரைவிடச் சுமார் ரெண்டு மடங்கு என்று தெரிந்தது. 2011 ஜனவரியில் அங்கே சட்டம் வந்தது. ஜப்பான் அதற்கு ஒரு வருஷம் முன்பே, 2010-இல், வழிகாட்டுதல்களைக் கொடுத்துவிட்டது. ஐரோப்பாவில் 2019 ஜூலையிலிருந்து புது மாடல்களுக்கும், 2021 ஜூலையிலிருந்து எல்லாப் புது எலெக்ட்ரிக், ஹைப்ரிட் கார்களுக்கும் கட்டாயம்.

கட்டாயமானது என்ன? ஏவாஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் எச்சரிக்கை ஒலி அமைப்பு. வெளிப்பக்கம் பார்த்த ஒரு ஸ்பீக்கர், சின்ன கம்ப்யூட்டர், சேமித்து வைத்த ஒலி லூப்கள். வண்டியின் வேகத்தை நொடிக்குப் பல தடவை கேட்டு, அதற்கேற்ப லூப்களைக் கலந்து வெளியே விடும். அதே கேம் வித்தைதான்.

ஐ.நா.வின் வாகன விதி எண் 138 இதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறது. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் குறைந்தது 50 டெசிபெல். 20 கிலோமீட்டரில் 56. ரிவர்ஸில் 47. அதிகபட்சம் 75. காதுக்கு எட்டும் அலைவரிசைகளில் குறைந்தது ரெண்டு பட்டைகளில் ஒலி இருக்கணும், அதில் ஒன்றாவது 1,600 ஹெர்ட்ஸோ அதற்குக் கீழோ இருக்கணும். வயதானவர்களுக்கு முதலில் மங்குவது உச்ச ஸ்தாயிதானே. வேகம் கூடினால் பிட்ச்சும் ஏறணும், கிலோமீட்டருக்கு 0.8 சதவீதம். 5-லிருந்து 20 வரை போனால் 12 சதவீதம். சங்கீதம் தெரிந்தவர்களுக்குச் சொல்வதானால், கார் ஸட்ஜத்தில் கிளம்பி சதுச்ருதி ரிஷபத்தைத் தொடணும்.

சிரிக்காதீங்க, நமக்கு இது புதுசே இல்லை. ரிவர்ஸ் எடுக்கும்போது பாட்டுப் பாடும் கார்களை நம்ம தெருக்களில் எத்தனை வருஷமாகக் கேட்டிருக்கோம்! பின்னாடி நிற்கிறவர் விலகணும் என்பதுதான் அங்கேயும் நோக்கம்.

கிராஸ்ஃபேடின் ரெண்டு பக்கமும் இங்கேதான்

20 கிலோமீட்டரைத் தாண்டினால் ஏவாஸ் என்ன செய்யும்? மெல்ல அடங்கிவிடலாம். ஏனென்றால் அதற்கு மேல் டயர் சத்தமே வண்டியைக் காட்டிக்கொடுக்கும் என்பது விதி எழுதியவர்களின் கணக்கு. டயரின் கட்டைகள் ரோட்டில் அடிபடுவதும், பள்ளங்களில் சிக்கிய காற்று பிதுங்கி வெளியேறுவதும் சேர்ந்துதான் அந்தச் சத்தம். எலெக்ட்ரிக் கார் என்றாலும் பெட்ரோல் கார் என்றாலும் வேகம் கூடினால் கேட்பது பெரும்பாலும் அதுதான்.

அப்படியென்றால் இதுவும் ஒரு கிராஸ்ஃபேட். முதல் ஒலி ஸ்பீக்கர், இரண்டாம் ஒலி டயர், ‘ந’ வண்டியின் வேகம்.

ஹூண்டாயின் கோனா எலெக்ட்ரிக் 2019 ஜூலையில் இந்தியாவில் அறிமுகமானது. இருங்காட்டுக்கோட்டையில் பூட்டப்பட்ட அந்தக் கார் செயற்கை என்ஜின் ஒலி அமைப்போடு வந்தது. க்ரெட்டா எலெக்ட்ரிக் 2025 ஜனவரியில் அதே ஆலையிலிருந்து வந்தது. டயர் எங்கே தயாராகிறது? ஒரகடத்தில் அப்பல்லோ, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜே.கே. டயர், சியட். கிராஸ்ஃபேடின் ரெண்டு பக்கத்துக்குமான ஆலைகள் ஒரே தாலுகாவைச் சுற்றி இருக்கின்றன.

ஆனா ஒரு சிக்கல். எடிட்டிங் சாஃப்ட்வேரில் ரெண்டு ஒலியும் நம்ம கையில் இருக்கும். காரில் ஒன்றுதான் புரோகிராமர் கையில். மற்றொன்று ரோட்டின் கையில். ஏவாஸை இறக்கும் கோடை எழுதுபவர், அந்த நேரத்தில் டயர் சத்தம் ஏறியிருக்கும் என்று நம்பித்தான் எழுதுகிறார். ஜல்லி பெயர்ந்த ரோட்டில் நிச்சயம் ஏறியிருக்கும். வழவழப்பான புதுத் தார் ரோட்டில்? நடுவில் விழும் பள்ளம் ஞாபகம் இருக்கா? ரெண்டாவது ஒலி எதிர்பார்த்த அளவு வராவிட்டால் அந்தப் பள்ளம் இன்னும் ஆழமாகும். எங்கே இறக்குவது என்பதில் உலகமே ஒத்துப்போகவில்லை. ஐ.நா. விதி 20 வரை என்கிறது. அமெரிக்க விதி 30 வரை என்கிறது, கூடவே கியரில் நிற்கும்போதும் ஒலி வேண்டும் என்கிறது. அந்தப் பத்து கிலோமீட்டர் வித்தியாசம் ஒரு கிராஸ்ஃபேடின் நீளத்தைப் பற்றிய சண்டை.

இரண்டாவது சிக்கல், சுற்றியிருக்கும் இரைச்சல். இந்தியாவின் 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளில் தொழிற்பேட்டைக்கான வரம்பு பகலில் 75 டெசிபெல், இரவில் 70. குடியிருப்புக்குப் பகலில் 55, இரவில் 45. இரவு ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஒரகடம் ஜங்ஷனை நினைச்சுப் பாருங்க. கம்பெனி பஸ்கள், கன்டெய்னர் லாரிகள், ஹாரன். அங்கே இரைச்சல் 70-ஐத் தொடுகிறது என்று வைத்துக்கொண்டால், அதோடு 56 டெசிபெல் ஒலியைச் சேர்த்தால் மொத்தம் எவ்வளவு ஆகும்? 126 இல்லை. 70.17. டெசிபெல் மடக்கைக் கணக்கு என்பதால் கூட்டினால் அவ்வளவுதான் கூடும். அதே 56 வல்லத்தில் ஒரு உள் தெருவில், இரவு 45 டெசிபெல் அமைதியில், தெளிவாகக் கேட்கும். ஒரே கார், ஒரே கோடு, கொஞ்ச தூரம் தள்ளிப்போனால் வேறு கதை.

‘அப்போ வால்யூமைக் கூட்டிடலாமே’ன்னு தோணும். கூட்டினால் ஜங்ஷனில் நிற்பவருக்கு உதவும். ஆனா உள் தெருவில் ஷிஃப்ட் முடிச்சுத் தூங்குகிற தொழிலாளிக்குத் தூக்கம் போகும். இந்த இடத்தில்தான் ஒலி எழுதுபவரின் வேலை தொடங்குகிறது. காது வெறும் டெசிபெல் மீட்டர் இல்லை. கூட்டத்தில் நம்ம பேரைச் சொன்னால் திரும்பிப் பார்க்கிறோம் இல்லையா? சுற்றி இருக்கும் இரைச்சல் எந்த அலைவரிசையில் குறைவோ அங்கே ஒலியை வைக்கலாம். லாரியின் உறுமல் கீழ் ஸ்தாயியை நிறைத்திருக்கும், டயர் சத்தம் 1,000 ஹெர்ட்ஸை ஒட்டி உச்சத்தில் இருக்கும். ஒரே சுருதியில் நிற்காமல் நகர்கிற ஒலியைக் காது சீக்கிரம் பிரித்தெடுக்கும். அந்த 0.8 சதவீத விதியின் பயனும் அதுதான்.

யார் காதுக்காக?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2025 செப்டம்பரில் ஒரு வரைவு அறிவிப்பை வெளியிட்டது. ஏஐஎஸ்-173 என்ற தரத்தின்படி புது எலெக்ட்ரிக் மாடல்களுக்கு 2026 அக்டோபர் 1 முதலும், ஏற்கெனவே விற்பனையில் இருக்கும் மாடல்களுக்கு 2027 அக்டோபர் 1 முதலும் ஏவாஸ் கட்டாயம் என்றது அந்த வரைவு. நல்ல செய்திதான். ஆனால் அது எம், என் வகைகளுக்கு, அதாவது கார், பஸ், வேன், லாரிகளுக்கு மட்டும். ஸ்கூட்டரும் ஆட்டோவும் அதில் வரவில்லை. இந்தியாவில் விற்கும் எலெக்ட்ரிக் வண்டிகளில் பெரும்பாலானவை இரண்டு சக்கரமும் மூன்று சக்கரமும்தான். தெருவில் நடப்பவரை உரசிக்கொண்டு போவதும் பெரும்பாலும் அவைதான். புல்லட்டின் ‘டுப் டுப்’பால் பேர் வாங்கிய ராயல் என்ஃபீல்டே 2024 நவம்பரில் மிலானில் ஃப்ளையிங் ஃப்ளீ என்ற எலெக்ட்ரிக் பைக்கைக் காட்டிவிட்டது. நம்ம தெருக்களின் ஒலி வேகமாக மாறிக்கொண்டிருக்கு.

இதில் எனக்கு முக்கியமாகப் படும் ஒரு விஷயத்தைச் சொல்லிடறேன். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து புதுக் கார் சென்னைக்கு வரும் அதே நெடுஞ்சாலையில்தான் பூந்தமல்லி இருக்கிறது. அங்கே பார்வையற்ற மாணவர்களுக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. எதிர்ப்பக்கம் ஒரகடத்தில், வண்டிகளைச் சோதித்துச் சான்றளிக்கும் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ரெண்டுக்கும் நடுவில் பஸ்ஸில் போகிற தூரம்தான். ஏவாஸ் சோதனையில் மைக்கை காரின் மையக்கோட்டிலிருந்து 2 மீட்டர் தள்ளி வைத்து டெசிபெல் அளப்பார்கள். அது வேணும். ஆனா மைக்குக்கு ரோட்டைக் கடக்க வேண்டிய அவசியம் இல்லை. அந்த இடத்தில் பூந்தமல்லியிலிருந்து நாலு பேரை நிற்கவைத்து, ‘வண்டி எப்போ கேட்டுச்சு, எந்தப் பக்கம் போச்சு, எங்கே காணாமப் போச்சு’ன்னு கேட்டால், கிராஸ்ஃபேடின் நடுப்பள்ளம் எங்கே இருக்குன்னு அவங்க சொல்லிடுவாங்க. பரிசோதனைத் தடத்தில் மட்டும் இல்லாமல், ஷிஃப்ட் விடுகிற நேரத்து ஒரகடம் ஜங்ஷனிலும் கேட்கணும்.

மீனாட்சி நாராயணன் காலத்து எடிட்டர்கள் முக்கோண மை பூசினது, தியேட்டரில் உட்கார்ந்திருப்பவர் எதையும் கவனிக்காமல் படம் பார்க்கணும் என்பதற்காக. அந்தக் கைப்பழக்கம் தொண்ணூறு வருஷமாக டேப்புக்கும், சாஃப்ட்வேருக்கும், கேமுக்கும் அப்படியே வந்திருக்கு. ஒலி எழுதுற நாம எல்லாரும் ஒட்டை மறைக்கத்தான் பழகியிருக்கோம். ஏவாஸுக்கு கோடு எழுதுபவர் அந்தப் பழக்கத்தில் பாதியைத்தான் எடுத்துக்கொள்ளலாம். லூப்புக்கும் லூப்புக்கும் நடுவில் ‘டிக்’ வரக் கூடாது, சரி. ஆனால் ஸ்பீக்கருக்கும் டயருக்கும் நடுவில் வண்டி காணாமல் போகவே கூடாது.

உங்க தெருவில் எலெக்ட்ரிக் வண்டி வந்தா ஒரு நிமிஷம் கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்க. நடைபாதையில் நின்னுக்கிட்டு மட்டும், ப்ளீஸ். எத்தனை அடி தூரத்தில் கேட்டுச்சு, எந்த வேகத்தில் சத்தம் மறைஞ்சதுன்னு எங்களுக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் அதையெல்லாம் போட்டுக் கேட்கலாம். பார்த்துக் கடங்க.